வேந்தர் எடுத்த தொண்ணூற்றெட்டு

பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கம் நடத்த என்ன வேண்டும் என்று பாஸ்கரனைக் கேட்டிருந்தால், கணினி, திரை, தடைபடாத மின்சாரம், கேட்க நாலு மாணவர்கள் என்று சொல்லியிருப்பான். இந்த மாதிரிப் பதில்களையே சொல்லிக்கொண்டிருந்ததால்தான் மூன்று வருடமாகியும் அவன் தற்காலிக உதவிப் பேராசிரியராகவே இருந்தான். சரியான விடை, குத்துவிளக்கு.

சூளகிரிக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பொன்வேங்கடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் மாங்கூழ் ஆலையாக இருந்தது. ஆலையின் கிடங்கில் ஓர் உறைவிடப் பள்ளி முளைத்தது. பள்ளியில் மார்க் விளைந்தது. மார்க் விளைகிற மண்ணில் கல்லூரி விளையாதா? விளைந்தது. கல்லூரிக்கு வயது வந்ததும் அதுவே பல்கலைக்கழகமாகி, ஆலை முதலாளி சௌந்தரராஜன் வேந்தரானார். வேந்தர் என்றால் செங்கோல் வேண்டாமா? அதையும் வெள்ளியில் செய்தாயிற்று. பட்டமளிப்பு விழாவில் ஒருவர் அதை அவருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஆனால் பள்ளிக்கூடம் நடத்திய காலத்துப் பழக்கம் ஒன்று அவரை விட்டுப் போகவில்லை. ஜூஜுவாடி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற லாரிக்காரர்கள் முதலில் பார்ப்பது அவர் கட்டிய பிளெக்ஸைத்தான். பிள்ளைகளின் முகம், முகத்தைவிடப் பெரிதாக மார்க். அவருக்கு உலகத்து எண்களெல்லாம் இரண்டே சாதி. ஒன்று தொண்ணூறுக்கு மேல், மற்றது தொண்ணூறுக்குக் கீழ். ஒருமுறை மருத்துவர் ரத்த அழுத்தம் நூற்றெழுபது என்று கவலையோடு சொன்னபோது, "இருநூறுக்கா?" என்று ஆவலாகக் கேட்டாராம்.

அப்படிப்பட்டவரின் கையெழுத்துக்காகத்தான் பாஸ்கரன் காத்திருந்தான். பணி நிரந்தர ஆணை தட்டச்சாகிப் பதிவாளரின் கோப்பில் இருந்தது. கருத்தரங்கம் நல்லபடியாக முடிந்தால் அன்று மாலையே வேந்தர் மேடையில் கையெழுத்திடுவார். முடியாவிட்டால் மாதக் கடைசியோடு பாஸ்கரன் முடிந்தான். அவன் மகள் சக்தி பல்கலைக்கழக வளாகத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்தாள். அப்பா வெளியே போனால் பிள்ளையும் வெளியே.

"இது அவளுக்கு மூணாவது பள்ளிக்கூடம்" என்றாள் அவன் மனைவி அருணா. ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. "இப்பத்தாங்க ரெண்டு சிநேகிதி புடிச்சிருக்கா. மறுபடியும் மூட்டையக் கட்டச் சொன்னீங்கன்னா, நீங்க மட்டும் கட்டுங்க."

தரம் பார்க்கிறவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். தள்ளுபடி என்றால் தள்ளுபடிதான்.

*

"தலைப்பு என்னா சொன்னீங்க?" என்றார் பதிவாளர் வெள்ளைச்சாமி.

"தரவுச் சுருக்கம் சார். டேட்டா கம்ப்ரெஷன். பெரிய கோப்பைச் சின்னதாக்குற புரோகிராமை மாணவர்களே எழுதி, மேடையிலயே ஓட்டிக் காட்டுவாங்க. ரெண்டு நாள் திட்டம்."

பதிவாளர் நிகழ்ச்சி நிரலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இறைவணக்கம் வந்தது, தமிழ்த்தாய் வாழ்த்து வந்தது, குத்துவிளக்கு வந்தது. வரவேற்புரையும், வரவேற்றவரை வாழ்த்தி ஒரு உரையும், வாழ்த்தியவருக்குப் பொன்னாடையும், பொன்னாடை போர்த்தியவருக்கு நினைவுப் பரிசும் வந்தன. அவர் பேனா ஓட ஓட பாஸ்கரனின் முதல் நாள் மறைந்தது. இரண்டாம் நாளுக்கு வந்து கொஞ்சம் யோசித்து, அதை மொத்தமாக அடித்தார்.

"சார், பாடம் எங்க நடத்துறது?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் கை கழுவப் போவாங்க பாருங்க, அப்ப நடத்துங்க. இந்தா, 'தொழில்நுட்ப அமர்வு'ன்னு போட்டுட்டேன். பத்து நிமிசம்."

"பத்து நிமிசத்துல..."

"சுருக்கறதுதான உங்க தலைப்பே? கருத்தரங்கம்னா அரங்கம் முக்கியம் பாஸ்கரன். கருத்து எங்க ஓடிடப் போவுது?"

பாஸ்கரன் எழுந்தான். பாதி வழியில் பதிவாளர் கூப்பிட்டார்.

"மேடையில எதைச் சுருக்கிக் காட்டப் போறீங்க?"

"ஏதாச்சும் ஒரு பெரிய புத்தகம் சார்."

"எவனோ எழுதுன புத்தகத்த நாம எதுக்குச் சுருக்கணும்? நம்ம ஐயாவோட பட்டமளிப்பு விழாப் பேச்சு பதினெட்டு வருசத்துக்கும் என்கிட்ட இருக்குது. மொத்தத்தையும் ஒரே கோப்பா ஆக்கித் தர்றேன், அதைப் போடுங்க. நம்ம பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடற தரக் குழுத் தலைவி வர்றாங்க. அவங்க முன்னாடி நம்ம வேந்தர் பேச்சு சுருங்கணும்."

"நீங்களா சார் எழுதுறது அதெல்லாம்?"

"பின்ன?" வெள்ளைச்சாமி பெருமையோடு குரலைத் தாழ்த்தினார். "போன வருசத்ததை எடுத்து வருசத்த மாத்துவேன், விருந்தாளி பேரை மாத்துவேன். அந்தக் கொரோனா வருசம் மட்டும் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதுக்கே ஐயா, 'என்னாய்யா, புதுசா என்னமோ நுழைச்சிருக்கே'ன்னு திட்டிட்டாரு."

*

புரோகிராமை எழுதியது இறுதியாண்டு மாணவி எஸ்லின். மறுநாள் ஆய்வகத்தில் அவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"சார், என் புரோகிராம்ல ஏதோ தப்புன்னு நெனச்சேன். மூணு தடவை சரிபார்த்துட்டேன். தப்பு புரோகிராம்ல இல்லைங்க சார்."

திரையில், கோப்பில் சுருங்கிப் போனது 98.4 சதவீதம் என்று இருந்தது.

விஷயம் எளிது. எஸ்லினின் புரோகிராம் ஒரு சொற்றொடரை முதல்முறை பார்க்கும்போது முழுதாக எழுதிக்கொள்ளும். அதே சொற்றொடர் மறுபடி வந்தால், 'அங்கே பார்' என்று மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். புதிதாக ஏதாவது சொல்கிற கோப்பு கொஞ்சம்தான் சுருங்கும். சொன்னதையே சொல்கிற கோப்பு சுருண்டுவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் சுருங்குகிறது என்றால், உள்ளே இருந்தது ஒன்றரைப் பங்கு பேச்சும் மீதி எதிரொலியும்.

"ஒரே ஒரு பேச்சு இருக்குது சார். மீதி பதினேழும் 'மேற்படி'" என்றாள் எஸ்லின்.

பாஸ்கரன் சிரித்துவிட்டான். சிரித்தவுடன் போய்க் கதவைச் சாத்தினான். அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பல்கலைக்கழகமே திரண்டிருக்கும் அரங்கில், இருபதடித் திரையில், வேந்தரின் பதினெட்டு வருடப் பேச்சு வெறும் சக்கை என்று அவன் நிரூபிக்கப் போகிறான். நிரூபித்த கையோடு அவரிடம் ஆணையை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள் ஐயா என்று கேட்கப் போகிறான்.

கோப்பை மாற்றலாமா என்று பதிவாளரிடம் ஓடினான். "பிளெக்ஸ் கட்டியாச்சு" என்றார் அவர். கட்டியாகித்தான் இருந்தது. 'வேந்தரின் பேருரைகள் நேரலையில் சுருக்கப்படும்' என்று முகப்பு வாசலில், சிரிக்கும் வேந்தரின் படத்தோடு.

மறுபடி ஆய்வகத்துக்கு வந்தான். "எஸ்லின், இது கொஞ்சம்... கம்மியாச் சுருக்குற மாதிரி, ஒரு நாப்பது அம்பதுன்னு காட்டுற மாதிரிப் பண்ண முடியுமா?"

"பண்ணலாம் சார். ரெண்டு வரி மாத்துனாப் போதும்." அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. "ஆனா மொத வகுப்புல நீங்கதான சார் சொன்னீங்க, சுருக்குனத விரிச்சா ஒரு புள்ளிகூடக் கொறையாமத் திரும்பி வரணும், இதுல பொய்க்கு இடமில்லைன்னு. அன்னிக்குத்தான் சார் எனக்கு இந்தப் பாடமே புடிச்சுது."

ஆசிரியனாக இருப்பதில் இது ஒரு தொல்லை. நாம் சொன்னதை யாராவது எங்கேயாவது கேட்டுத் தொலைத்துவிடுகிறார்கள்.

"வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றான் பாஸ்கரன்.

கருத்தரங்கத்தன்று காலையில் கம்பெனிப் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டே அருணா சொன்னாள். "கையெழுத்து ஆனதும் ஒரு எழுத்து அனுப்புங்க போதும். சாயந்திரம் டீ டைமுக்குத்தான் லாக்கர்லருந்து போனை எடுப்பேன். நீளமா எழுதுனீங்கன்னா படிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுடும்."

*

தரக் குழுத் தலைவி பேராசிரியர் நாராயணம்மா பெங்களூரிலிருந்து வர வேண்டும். அத்திபெலேயில் நெரிசல். அவர் வருவதற்குள், படம் எடுப்பவர் அவசரப்படுத்தியதால் குத்துவிளக்கை ஏற்றிவிட்டார்கள். அவர் வந்ததும் ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். அப்போது துணைவேந்தர் கழிப்பறைக்குப் போயிருந்ததால் மூன்றாம் முறையும் ஏற்ற வேண்டி வந்தது. எண்ணெய்தான் தீர்ந்துகொண்டிருந்தது, யாரும் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"சாரி ரீ, அத்திபெலேல ஒரே ஜாம்" என்று கன்னட மரியாதை 'ரீ'யோடு உட்கார்ந்த நாராயணம்மாவைப் பதிவாளர் அறிமுகப்படுத்தினார். பெங்களூரில் படித்தது, வெளிநாட்டில் பணியாற்றியது, விருதுகள். கடைசியாக, "அம்மையார் அவர்கள் முனைவர் பட்டம் பெற்ற துறை, தரவுச் சுருக்கம்!"

கைதட்டலில் பாஸ்கரனின் காது அடைத்துக்கொண்டது. இந்த அரங்கில் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் எஸ்லினுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒரு நப்பாசை இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. முதல் வரிசையில், வேந்தருக்குப் பக்கத்து நாற்காலியில், அர்த்தம் தெரிந்த ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

வேந்தர் எழுந்தார்.

"சுருக்கம், சுருக்கம்னு பசங்க என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி சொல்றாங்க. நான் முப்பது வருசத்துக்கு முன்னாடியே பண்ணுனது. ஒரு லாரி மாம்பழம் வரும். கொட்டைய எடுத்துடுவோம், தோலை எடுத்துடுவோம். மிச்சம் நாலு டிரம் கூழு. அந்தே, அவ்வளவுதான், அதான் கம்ப்ரெஷன்! அதே டெக்னிக்கத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். பத்தாவது பாடத்தை ஒம்பதாவதுலயே நடத்துனோம். ஒம்பதாவது பாடத்தை? எடுத்துட்டோம்! பசங்ககிட்ட இருந்த வெளையாட்ட எடுத்தோம், தூக்கத்த எடுத்தோம், எந்நேரமும் கேள்வி கேக்கற கெட்ட பழக்கம், அதையும் எடுத்தோம். மிச்சம் என்னா? கூழு! அந்தக் கூழுதான் இன்னிக்கு ஐ.டி. கம்பெனில உக்காந்திருக்குது."

கரகோஷம். ஆசிரியர்கள் பகுதியிலிருந்து சற்று நீளமாக.

பிறகு தொழில்நுட்ப அமர்வு. நேரம் போதாததால் பத்து நிமிடம் நான்கானது. பாஸ்கரன் தயாரித்திருந்த பாடத்தைத் திறக்கக்கூட இல்லை. "நேரா சுருக்கத்துக்குப் போங்க" என்று பதிவாளர் சைகை காட்டினார். எஸ்லின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு நீலப் பட்டை நகர ஆரம்பித்தது. அது நகர்ந்த வேகத்தில் பாஸ்கரன் மனதுக்குள் வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தான். பீரோவை இந்தத் தடவை விற்றுவிடலாம். சக்தியின் சைக்கிளை மட்டும் எப்படியாவது ஏற்றிவிட வேண்டும்.

பட்டை நின்றது.

98.4%.

நாராயணம்மா எண்ணைப் பார்த்தார், வேந்தரைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

வேந்தரின் முகம் மெல்லச் சிவந்தது. நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். பாஸ்கரன் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலா!" என்றார் வேந்தர்.

குரல் தழுதழுத்தது. "எங்கப்பா என்னை எட்டாவதோட நிறுத்துனாருங்க. ஆலைக்கு ஆள் வேணும்னு நிறுத்துனாரு. என் வாழ்க்கையில நான் எடுத்த மொத மார்க்கு இது."

பதிவாளர்தான் முதலில் தட்டினார். பிறகு அரங்கமே எழுந்து நின்று தட்டியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். எட்டாவதோடு நின்ற ஒரு பையனை அந்த முகத்தில் பாஸ்கரன் பார்த்துவிட்டான். அது மட்டும் இல்லாவிட்டால் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அதோடு முடிந்திருந்தால் கதை சுபம். ஆனால் மார்க் எடுத்தவன் சும்மா இருந்ததாக வரலாறு உண்டா? பக்கத்துப் பையன் எவ்வளவு என்று அவன் கேட்டே தீர வேண்டும்.

"மேடம் நீங்க இந்தப் படிப்புலயே டாக்டரு. உங்களோடதையும் போட்டுப் பார்த்துடலாங்க."

"வேணாம் ரீ, என்னோடது சும்மா இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டுதான்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து நாராயணம்மா. ஆனால் அவரது மடிக்கணினியிலிருந்து இருபது பல்கலைக்கழகங்களின் ஆய்வறிக்கைகளை அவர் உதவியாளர் ஏற்கனவே பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நீலப் பட்டை மறுபடி ஓடியது.

96.

நாராயணம்மா சிரிப்பதை நிறுத்தினார். கைக்குட்டை மடிக்கப்பட்டுப் பைக்குள் போயிற்று.

"ரெண்டே மார்க்குதான் வித்தியாசம் மேடம், கவலப்படாதீங்க" என்று வேந்தர் ஆறுதல் சொன்னார். பதிவாளர் தன் சுற்றறிக்கைகளை ஓடவிட்டார். 93. "அனுபவந்தான் சார், வேற ஒண்ணுமில்ல" என்று யாரும் கேட்காமலே அடக்கமாகச் சொன்னார். மேடை களைகட்டிவிட்டது. சாப்பாட்டு மணியை யாரும் காதில் வாங்கவில்லை.

"நம்ம பாஸ்கரன் தம்பிக்குத்தான இன்னிக்குக் கையெழுத்து?" என்றார் வேந்தர். "தம்பியோடதையும் போடும்மா."

எஸ்லின் திரும்பிப் பாஸ்கரனைப் பார்த்தாள். வேறு வழியில்லை. அவன் மூன்று வருடமாக எழுதித் திருத்தி, ஒவ்வொரு வகுப்புக்கும் புது உதாரணம் தேடிச் சேர்த்த பாடக் குறிப்புகள் உள்ளே போயின.

61.

இந்த முறை யாரும் தட்டவில்லை. பின் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பதிவாளர் ஆணை இருந்த கோப்பை மெதுவாக மூடி அக்குளில் செருகிக்கொண்டார்.

"அறுபத்தொண்ணா?" வேந்தர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் பயமாக இருந்தது. "பாக்கறதுக்கு நல்லாப் படிக்கிற பையன் மாதிரி இருக்கியே தம்பி. வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

அருணாவின் குரல் கேட்டது, நீங்க மட்டும் கட்டுங்க. பாஸ்கரன் ஒலிவாங்கியை எடுத்தான். எப்படியும் வேலை போகத்தான் போகிறது. உண்மையைச் சொல்லிவிட்டாவது போகட்டும்.

"ஐயா, மன்னிக்கணும். இது மார்க் இல்லைங்க. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னா இந்த எண் ஏறும். புதுசா ஏதாச்சும் சொன்னா எறங்கும். அவ்வளவுதாங்க."

பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

வேந்தர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"தம்பி என்னமோ எனக்குத் தெரியாததச் சொல்ற மாதிரி சொல்றாரு. சொன்னதையே சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருசமா ஒரு வார்த்தை மாறலை! புதுசு புதுசாப் பேசணும்னா மேடை ஏறுறதுக்கு முன்னாடி யோசிக்கணும். யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா இந்தப் பல்கலைக்கழகத்த எவன் நடத்துறது? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு பேசுறவனை நம்பிப் பெத்தவங்க புள்ளைய விடுவாங்களா? என்னா மேடம், தம்பி சொல்றது சரியா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

பாஸ்கரன் நாராயணம்மாவைப் பார்த்தான். இந்த வளாகத்தில் அவன் சொன்னதை உண்மை என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் எழுந்தார். திரையில் வரிசையாக நின்ற எண்களுக்கு நடுவே அவருடைய 96 இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"டெக்னிகலா... ஒரு கோணத்துல... அவர் சொல்றது தப்புன்னு சொல்ல முடியாது" என்றார். "ஆனா எங்க கமிட்டில இதுக்குன்னே ஒரு தலைப்பு இருக்கு ரீ. 'நிலைத்தன்மை'. அதுக்கு நாங்க முழு மதிப்பெண் கொடுப்போம்."

அரங்கம் அதிர்ந்தது. உண்மை மேடையேறி, சால்வை போர்த்திக்கொண்டு, இறங்கிப் போய்விட்டது.

*

சாப்பாட்டு நேரத்தில் பதிவாளர் பாஸ்கரனைத் தூணோரம் ஒதுக்கினார்.

"ஐயாவுக்கு இரக்க மனசு. உங்களுக்கு மறுதேர்வு குடுத்திருக்காரு. நிரந்தரம் ஆவுறவங்க நன்றியுரை வாசிக்கறது வழக்கம்தான? அதை இப்பவே எழுதி, சாயந்திரம் மிஷின்ல போடுங்க. தொண்ணூறு தாண்டுனா கையெழுத்து. அதுக்கப்புறம் வாசிச்சுட்டுப் போயிடலாம்."

பாஸ்கரன் பந்தியில் உட்காராமல் ஆய்வகத்துக்குப் போனான். 'பெருமதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி' என்று ஒரு வரி அடித்தான். அதையே நகலெடுத்து ஒட்டி ஒட்டி, நாலு பக்கத்துக்கு நிரப்பினான். இதை எழுதுவதற்கா படித்தோம் என்றிருந்தது. ஆனால் சக்தியின் சைக்கிள் கண்ணில் நின்றது. எஸ்லின் ஓட்டிக் காட்டினாள். 99.8.

எட்டிப் பார்த்த வெள்ளைச்சாமி அலறிவிட்டார். "யோவ், ஐயாவையே தாண்டிட்ட! குடும்பத்தோட நாசமாப் போறதுக்கா? கொறைய்யா!"

"எவ்வளவு சார் கொறைக்கணும்?"

"ஐயாவுக்குக் கீழ. மேடத்துக்கும் கீழ." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் கீழன்னு வச்சுக்குங்க. சர்வீஸ்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

அவர் போனதும் பாஸ்கரன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். எண்ணைக் குறைக்க ஒரே வழிதான். அந்த நன்றிகளுக்கு நடுவே எங்கேயும் திரும்ப வராத, புதிதான ஏதாவதைச் செருக வேண்டும்.

"எஸ்லின்" என்றான் மெதுவாக. "காலையில நடத்தாமப் போன பாடம் எங்கம்மா?"

எஸ்லினுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கோப்பைத் திறந்து கொடுத்தாள். முதல் பத்தியைச் செருகினார்கள். தொண்ணூற்றெட்டுக்கு வந்தது. இன்னொரு பத்தி. வேந்தர், தலைவி, பதிவாளர் என்று பதவி வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் கீழே இறங்க இறங்கப் பாடம் ஏறிக்கொண்டே போனது. 92க்கு வந்தபோது நன்றியுரையில் ஐந்தில் ஒரு பங்கு பாடமாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த மேடையிலும் அதற்கு முன் அவ்வளவு பாடம் நடந்ததில்லை.

சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நீலப் பட்டை ஓடி 92 என்று நின்றதும், "பாத்தியா தம்பி, முயற்சி பண்ணா முடியுது!" என்று வேந்தர் பேனாவைத் திறந்தார். "வாசிப்பா, கேட்டுக்கிட்டே போடறேன்."

பாஸ்கரன் வாசிக்க ஆரம்பித்தான்.

"பெருமதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி." கைதட்டல். "பெருமதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி." கைதட்டல். "கம்பெனி வாசலில் தினமும் வருகிறவருக்குக் காவலாளி தலையை மட்டும் அசைக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவரிடம்தான் பேர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார். சுருக்கமும் அப்படித்தான். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வரும் எழுத்துக்கு நீளமான குறியீடு. பெருமதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி."

கைதட்டல். ஆனால் மாணவர்கள் பக்கம் ஏதோ நடந்தது. செல்பேசிகள் இறங்கின. எஸ்லின் குறிப்பெடுப்பதைப் பார்த்துப் பக்கத்துப் பெண் எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பாஸ்கரன் வாசித்துக்கொண்டே போனான். நன்றிக்கு ஆசிரியர்கள் தட்டினார்கள், நன்றிக்கு நடுவில் மாணவர்கள் எழுதினார்கள்.

அப்போதுதான் பின் வரிசையில் கௌதம் என்கிற ஒரு பையன் தன்னை மறந்து எழுந்து நின்றான்.

"சார், ஒரு டவுட். எல்லாக் குறியீடும் வேற வேற நீளம்னா, ஒண்ணு எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

நன்றியுரையில் சந்தேகம் கேட்ட முதல் மாணவன். வேந்தரின் பேனா காகிதத்தின் மேலே அப்படியே நின்றது. பதிவாளர் பாதி எழுந்துவிட்டார். நாராயணம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உட்காருடா என்று சொல்லிவிடலாம். ஒரு கையெழுத்து தூரம்தான் பாக்கி. ஆனால் அது நல்ல கேள்வி. அந்தப் பாடத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மூன்று வருடமாக அதை யாராவது கேட்பார்கள் என்று பாஸ்கரன் காத்திருந்தான்.

"போன்ல நூறு அடிச்சா உடனே போலீஸ் எடுத்துடுறாங்கல்ல?" என்றான். "ஏன்னா நூறுல ஆரம்பிக்கிற வேற நம்பர் எதையுமே யாருக்கும் குடுக்கறதில்ல. அதே மாதிரி, ஒரு குறியீடு இன்னொண்ணோட ஆரம்பமா இருக்கவே கூடாது. அப்படி அமைச்சுட்டா, முடிஞ்ச எடத்துல தானாவே முடிஞ்சுடும். நடுவுல கோடு போட வேண்டியதில்ல." மூச்சு வாங்கினான். "இந்த ஐயத்தைத் தீர்க்க வாய்ப்பளித்த பெருமதிப்பிற்குரிய வேந்தர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி!"

இடி மாதிரிக் கைதட்டல். இந்த முறை மாணவர்கள் பக்கமிருந்தும். வேந்தர் மலர்ந்துபோய், தட்டியவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

நாராயணம்மா காரில் ஏறும்முன் பாஸ்கரன் அருகே ஒரு வினாடி நின்றார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. "நல்லா நடத்துனீங்க" என்று மட்டும் கன்னடம் கலந்த தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் அறிக்கையில் அது வராது என்று இருவருக்கும் தெரியும்.

பதிவாளர் ஆணையை நீட்டினார். ஜூஜுவாடியில் கட்ட பிளெக்ஸுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மேலே வேந்தர் 98.4, கீழே மற்றவர்கள், ஓரத்தில் தபால்தலை அளவில் பாஸ்கரன்.

"பேச்சு அருமை பாஸ்கரன். நடுநடுவுல மட்டும் என்னமோ புரியல. அடுத்த வருசம் அதையெல்லாம் எடுத்துடுங்க, மார்க் இன்னும் ஏறும். நான் அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன், என்னைத் தாண்டிக்கலாம்."

பாஸ்கரன் வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றான். எதிரே பள்ளி விட்டு, சக்தி இரண்டு சிநேகிதிகளோடு கைகோத்து வந்துகொண்டிருந்தாள். டீ நேரம் தொடங்கியிருக்கும். செல்பேசி சிணுங்கியது. அருணா.

'ஆச்சா?'

பதில் எழுதப் போனவனின் கட்டைவிரல், நாள் முழுக்கப் பழகிய தோஷத்தில், 'பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்தான். ஒரே ஓர் எழுத்தை வைத்தான்.

'ம்.'

ஓசூரில் லாக்கர் வரிசைக்கு முன்னால் நின்றபடி அவள் அதைப் படிப்பது மனக்கண்ணில் தெரிந்தது. பிறகு அங்கிருந்தும் ஒரு 'ம்' வந்தது.

அதற்கு மேல் சுருக்குவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.